ஃபார்ம் என்பதற்கு நம்மிடம் உள்ள சொல்: பதம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் பிறந்ததும் விளையாட்டுப் பக்கங்களில் டென்னிஸ் பற்றி ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும்: 'களிமண் தரையில் ஃபார்மை மீட்பாரா?' ஆளின் பெயர்தான் மாறும். ஒரு காலத்தில் நடால், பிறகு ஜோகோவிச், அண்மையில் இகா ஸ்வியாடெக். மான்டி கார்லோவில் தொடங்கி, பார்சிலோனா, மாட்ரிட், ரோம் என்று நகர்ந்து, ஜூன் தொடக்கத்தில் பாரிஸின் பிரெஞ்சு ஓபனில் முடிகிற அந்தப் பருவத்தில், சறுக்கிக்கிடக்கும் ஒரு சாம்பியன் செம்மண் நிறத் தரையை நம்பி வந்து இறங்குவது வழக்கம்.

அந்தத் தலைப்பில் உள்ள நான்கு சொற்களில் இரண்டு நெடுநாளாக என்னை உறுத்துகின்றன. ஒன்று ஃபார்ம், மற்றது களிமண். முன்னதை மொழிபெயர்க்காமலே விட்டுவிட்டோம். பின்னதை மொழிபெயர்த்தோம், ஆனால் அந்தத் தரையில் கிடக்கும் பொருளைப் பார்க்காமல் மொழிபெயர்த்துவிட்டோம்.

ஃபார்ம் என்பதன் மூலம் லத்தீன் மொழியின் 'ஃபோர்மா'. உரு, வார்ப்பு, அச்சு என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்தச் சொல், ஆங்கில ஆட்சியோடு நம்மிடமும் பல வேடங்களில் வந்தது. அரசு அலுவலகத்தில் நிரப்பச் சொன்ன 'பாரம்' அதுதான். இன்று அது படிவம் ஆகிவிட்டது. சென்னை மாகாணப் பள்ளிகளில் உயர் வகுப்புகளைப் 'பாரம்' என்றுதான் எண்ணினார்கள். 'நாலாம் பாரம் படிக்கும்போது' என்று கதை தொடங்கும் தாத்தாக்களை என் வயதுக்காரர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். அச்சகத்தில் பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு பாரம். விண்ணப்பம், வகுப்பு, அச்சுத்தாள் மூன்றும் ஒரே வேரின் கிளைகள் என்பது பேசுகிறவர்களுக்குத் தோன்றியிருக்காது.

விளையாட்டுப் பொருள் பிறந்த இடம் ஆங்கிலேயரின் குதிரைப் பந்தயம். ஒரு குதிரை இன்றைக்கு ஓடுவதற்கு எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறது என்பதை அந்தச் சொல்லால் குறித்தார்கள். பணம் கட்டுகிறவர்கள், அது அண்மையில் ஓடிய ஓட்டங்களின் கணக்கையும் அதே சொல்லால் அழைத்தார்கள். குதிரைக்குச் சொன்னதைப் பிறகு மட்டைக்காரருக்கும் பந்து வீசுகிறவருக்கும் டென்னிஸ்காரருக்கும் சொன்னார்கள். ஆகவே இந்தச் சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் படுத்திருக்கின்றன: ஆளின் இன்றைய நிலை, அவர் இதுவரை காட்டிய கணக்கு. 'ஃபார்மை மீட்பாரா' என்று கேட்கும்போது நாம் கேட்பது முதல் பொருளைத்தான்.

தமிழில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 'ஆட்டத்திறன்' என்று எழுதுகிறார்கள். திறன் என்பது ஆளோடு தங்கிவிட்ட ஒன்று. வாரத்துக்கு வாரம் வந்து போவதில்லை. 'உடற்தகுதி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது வேறு சங்கதி, அதைப் பிறகு சொல்கிறேன். 'நல்ல நிலை' தவறில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. 'செவ்வி' என்ற பழஞ்சொல்லை யாராவது நீட்டினால் நான் மனம் இளகிவிடுவேன். தக்க பருவம், மலர்ந்த நிலை என்று அத்தனை அழகான சொல். ஆனால் ஈழத்து இதழ்கள் அதை நேர்காணலுக்கு எடுத்துக்கொண்டு நிலைநாட்டிவிட்டன. அங்கே 'நடாலின் செவ்வி' என்றால் அவருடைய பேட்டி என்றுதான் படிப்பார்கள்.

என் சொல் பதம். இது நான் படைத்தது அல்ல. அடுப்படியில் கேட்டது.

தீபாவளிக்கு முந்தின நாட்களில் அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பாகு நுரைத்துப் பொங்கும்போது கரண்டி நுனியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். கரைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு விரலால் கூட்டி உருட்டும்போது மெத்தென்று திரண்டு வந்தால் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். சற்று முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும். சற்றுப் பிந்தினால் கடிக்க முடியாத வில்லையாகும். ஒரு வருடம் அப்படித்தான் கெட்டியாகிவிட்டது. அதே வெல்லம், அதே மாவரிசி, முப்பது வருடம் பழகிய அதே கை. தட்டைப் பார்த்து அம்மா சொன்னது மூன்றே சொல்: "பதம் தப்பிவிட்டது, கண்ணு." தனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்று அவர் சொல்லவில்லை; சொல்லவும் மாட்டார்.

ஒரு சாம்பியன் தொடர்ந்து தோற்கும்போது நடப்பது சரியாக அதுதான். தெரிந்தவை எல்லாம் அப்படியே இருக்கின்றன; அவை கூடிவர வேண்டிய ஒரு நிலை மட்டும் கைகூடவில்லை.

பதம் என்ற சொல்லின் பரப்பைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். சோற்றுக்குப் பதம் உண்டு. ஒரு பானைக்கு ஒரு சோறு எடுத்து அழுத்திப் பார்க்கிறோம். பாகுக்குக் கம்பிப் பதம், உருட்டுப் பதம். தைலம் காய்ச்சும் வைத்தியர்கள் வண்டலைத் தொட்டுப் பார்த்து மெழுகு பதம், கடுகு பதம், மணல் பதம் என்று பிரிப்பார்கள். கத்திக்குப் பதம் என்றால் கூர்மை. தோலைப் பதப்படுத்துகிறோம். மழை பெய்து இரண்டு நாள் விட்டு மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்த்து 'ஏர் ஓட்டப் பதம்' என்கிறார் உழவர். சங்கப் பாட்டுகளில் இது உணவையும் குறிக்கிறது, தக்க வேளையையும் குறிக்கிறது. வள்ளுவர் ஆளின் நிலைக்கே இதை ஆள்கிறார்:

எண்பதத்தான் ஓரா முறைசெய்யா மன்னவன்
தண்பதத்தான் தானே கெடும்.

எண்பதம் என்பது பிறர் எளிதில் அணுகும் நிலை. தண்பதம் என்பது தாழ்ந்துபோன நிலை. முறை தவறிய அரசன் பகைவர் இல்லாமலே தன் தாழ்ந்த நிலையால் தானே கெடுவான் என்கிறது 548ஆம் குறள். ஒரு மனிதனின் பதம் உயரும், தாழும் என்று சொல்ல நமக்கு இவ்வளவு பழைய முன்மாதிரி இருக்கிறது.

சொல்லையும் அடியையும் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். பதவுரை எழுதுகிற தமிழாசிரியர் வீட்டில்தான் பாகுபதமும் பார்க்கிறார்கள், யாரும் குழம்பியதில்லை. 'பக்குவம்' ஏன் கூடாது என்றும் கேட்கலாம். பக்குவம் வந்தால் பெரும்பாலும் தங்கிவிடும், வயதோடு வருவது. பதம் வரும், நிற்கும், தப்பும், மறுபடி வரும். விளையாட்டுக்கு வேண்டியது இந்தத் தன்மைதான். வினைகளும் தயாராக இருக்கின்றன: பதம் வந்தது, பதம் கூடியது, பதம் தவறியது, பதத்துக்குத் திரும்பினார். ஒன்றைக்கூடப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை.

இப்போது உடற்தகுதிக்கு வருகிறேன். பதமும் உடற்தகுதியும் வேறு என்பதை ரஃபேல் நடாலின் மூன்று ஆண்டுகளைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

2014இன் பிற்பாதியில் அவருக்கு வலது மணிக்கட்டில் காயம். ஆண்டின் இறுதியில் குடல்வால் அறுவை சிகிச்சை. 2015இல் உடம்பு தேறித் திரும்பினார். ஓடினார், வளைந்தார், எல்லாம் செய்தார். ஆனால் அவருடைய முன்கை அடி (ஃபோர்ஹேண்ட்) பழைய ஆழத்தில் போய் விழவில்லை. மயாமியில் வெர்டாஸ்கோவிடம் தோற்றபோது, ஆட்ட நுணுக்கத்தில் குறையில்லை, பதற்றம்தான் தன்னை ஆட்டுகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். அத்தனை கோப்பை வென்ற ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டது எனக்கு இன்றும் பெரிதாகப் படுகிறது. செங்கல் நிறத் தரைக்கு வந்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆகவில்லை. மான்டி கார்லோவில் ஜோகோவிச்சிடம், பார்சிலோனாவில் ஃபோக்னினியிடம், மாட்ரிட் இறுதியில் முர்ரேயிடம், ரோமில் வாவ்ரிங்காவிடம் தோல்வி. பாரிஸில் தன் 29ஆவது பிறந்த நாளான ஜூன் 3 அன்று, காலிறுதியில் ஜோகோவிச்சிடம் 5-7, 3-6, 1-6 என்று விழுந்தார். அதுவரை ஒன்பது முறை வென்ற போட்டி அது. அங்கே அவர் தோற்றது இரண்டாம் முறை. தரவரிசையில் 10ஆம் இடத்துக்கு இறங்கினார். உடற்தகுதி இருந்தது, பதம் இல்லை.

அடுத்த ஆண்டு கதை தலைகீழாயிற்று. 2016 ஏப்ரலில் மான்டி கார்லோவையும் பார்சிலோனாவையும் வென்றார், இரண்டும் ஒன்பதாம் முறை. பாரிஸில் முதல் இரண்டு சுற்றிலும் சேர்த்து விட்டுக்கொடுத்தது ஒன்பதே கேம் (ஒரு செட்டுக்குள் வரும் சிறு ஆட்டங்கள்). பதம் கூடிவிட்டது என்று யார் பார்த்தாலும் தெரிந்தது. அப்போது இடது மணிக்கட்டு கைவிட்டது. மூன்றாம் சுற்றுக்கு முன் விலகிக்கொண்டார். பதம் இருந்தது; உடற்தகுதி இல்லை. 'ஃபார்ம் இல்லாததால் விலகினார்' என்று அந்த நாளில் எவராவது எழுதியிருந்தால் அது பெரும் பிழை. இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச்சொல் கையில் இருந்தால் இப்படி வழுக்க வாய்ப்பே இல்லை.

2017இல் இரண்டும் ஒரே நேரத்தில் கூடின. மான்டி கார்லோ பத்தாம் முறை, பார்சிலோனா பத்தாம் முறை, மாட்ரிட்டும் சேர்ந்தது. பாரிஸில் ஒரு செட்கூட இழக்காமல், ஏழு ஆட்டத்திலும் சேர்த்து 35 கேம் மட்டும் கொடுத்து, வாவ்ரிங்காவை 6-2, 6-3, 6-1 என்று வென்று பத்தாம் கோப்பையைத் தூக்கினார்.

இனிக் களிமண். நம் குளத்துக் களிமண் நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் டென்னிஸ் ஆட முடியாது. பாரிஸில் மேலே சிவப்பாகத் தெரிவது பொடித்த செங்கல், ஓரிரு மில்லிமீட்டர் கனம்தான். அதன் கீழே பல சென்டிமீட்டருக்கு நொறுக்கிய சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, கல் என்று அடுக்குகள். 1880 வாக்கில் பிரான்சின் கான் நகரில், வெயிலில் கருகிய புல்தரையை மூட, ஆங்கில டென்னிஸ் வீரர்களான ரென்ஷா சகோதரர்கள் வலோரி ஊர் மண்பாண்டங்களின் தூளைக் கொட்டியதிலிருந்து இது தொடங்கியது என்று சொல்வார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தரையை அடித்து இறுக்கிய மண் என்ற பொருளில் அழைக்கிறார்கள், ஸ்பானியரும் அப்படியே. களிமண் என்றது ஆங்கிலம்தான். நாம் அதைப் பின்பற்றிவிட்டோம்.

செங்கல் தூள் நமக்குப் புதிதா என்ன? சுண்ணாம்போடு அதைக் கலந்துதான் 1895இல் முல்லைப் பெரியாறு அணையை எழுப்பினார்கள். கொத்தனார்கள் அதைச் சுர்க்கி என்பார்கள். சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. சுர்க்கித் தளம் என்று எழுதினால் இன்று பலருக்கும் விளங்காது. ஆகவே நான் செங்கற்பொடித் தளம் என்று எழுதுகிறேன். தலைப்பில் இடம் போதவில்லை என்றால் செம்பொடித் தளம்.

இந்தத் தளத்துக்கே ஒரு பதம் உண்டு என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆட்டத்துக்கு முன் குழாய் பிடித்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள். செட்டுகளுக்கு இடையே பாய் போன்ற ஒரு வலையைத் தரையில் இழுத்துப் பொடியைச் சமன் செய்கிறார்கள். கோடுகளைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்கள். ஈரம் குறைந்தால் பொடி பறந்து கால் நிலைக்காது. மிகுந்தால் பந்து கனத்து, எழும்பாமல் படியும். வெயிலடித்து அளவாகக் காய்ந்த நாளில்தான் நடாலின் சுழல் பந்து எதிராளியின் தோளுக்கு மேல் எகிறும். பந்து விழுந்த தடம் அந்தப் பொடியில் அப்படியே பதிவதால், சந்தேகம் வந்தால் நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நெடுநாள் வழக்கம்; ஆண்கள் சுற்றுப் (ATP) போட்டிகளில் 2025 முதல் அந்த வேலை மின்னணுக் கருவிக்குப் போய்விட்டது.

2012இல் மாட்ரிட்டில் தொலைக்காட்சியில் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று பொடியை நீலமாக்கினார்கள். நிறம் வந்தது, தளத்தின் பதம் தவறியது. ஆட்டக்காரர்கள் வழுக்கினார்கள், நடால் மூன்றாம் சுற்றிலேயே வெர்டாஸ்கோவிடம் தோற்றார். அடுத்த ஆண்டு சிவப்பு திரும்பி வந்தது. 2020இல் தொற்று காரணமாகப் பிரெஞ்சு ஓபன் செப்டம்பர் இறுதிக்கும் குளிர்ந்த அக்டோபருக்கும் தள்ளிப்போனபோது, பந்தும் தரையும் கனத்துக் கிடந்தன; தனக்கு ஏற்ற சூழல் இல்லை என்று நடாலே கவலைப்பட்டார். இறுதியில் ஜோகோவிச்சை 6-0, 6-2, 7-5 என்று வென்றார். தளத்தின் பதம் மாறியிருந்தும் ஆளின் பதம் நின்ற நாள் அது.

இந்த இரு பதங்களையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பழைய தலைப்பை இப்படி எழுதலாம்: 'செம்பொடித் தளத்தில் பதம் கூடுமா?'

எல்லா இடத்துக்கும் பதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த இரண்டாம் பொருளுக்கு, அதாவது ஒருவர் கடைசியாக ஆடிய ஐந்தாறு ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்குக்கு, அண்மைக் கணக்கு என்பதே போதும். 'பதம் பார்த்தார்' என்று எழுதும்போதும் கவனம் வேண்டும்; கத்தி விரலைப் பதம் பார்த்தது என்றால் காயப்படுத்தியது என்று பொருள். 2015 ஜூனில் ஜோகோவிச் நடாலைப் பதம் பார்த்தார் என்று எழுதலாம். அது சரியான தமிழ்தான், ஆனால் அது வேறு பதம்.