புகைத்தவர்கள் எங்கே போனார்கள்?

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் வந்த சில ஆய்வுகளைப் படித்த சிகரெட் பிரியர்கள் இன்னொன்றைப் பற்றவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அல்சைமர் என்ற மறதி நோய் வந்த முதியவர்கள் ஒரு பக்கம், அதே வயதில் நினைவு தெளிவாக இருப்பவர்கள் மறுபக்கம். புகைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால், நோயாளிகள் பக்கம் குறைவு! காரணமும் தயாராக இருந்தது. அல்சைமரில் மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் குறைகிறது. அது போய் ஒட்டி வேலை செய்யும் ஏற்பிகளில் சிலவற்றைப் புகையிலையின் நிக்கோட்டினும் தூண்டும். ஆக, சிகரெட் மூளைக்குப் பாதுகாப்பு என்று கணக்குப் போட்டார்கள்.

கோளாறு எண்ணிய விதத்தில் இருந்தது. எண்பதில் மறதி வரவேண்டிய புகைக்காரர் அறுபத்தைந்திலேயே மாரடைப்பில் போய்விட்டால், அவர் நோயாளிப் பட்டியலுக்கே வருவதில்லை. மறதி வந்தபின்னும் புகைத்தவர் சீக்கிரம் இறந்துவிட்டால், ஆய்வாளர் கதவைத் தட்டும் நாளில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் புகைக்காத நோயாளிகள்தான். அப்புறம், நோயாளியிடமே பழங்கதை கேட்க முடியாது. வீட்டார் சொல்வதுதான் கணக்கு.

சரி, முன்னாலிருந்து எண்ணினால்? நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் ஓம்மோர்ட் என்ற பகுதியில் 1990-ல் அதைத் தொடங்கினார்கள். 55 வயதைத் தாண்டியவர்களில் மறதி இல்லாத 6,870 பேரிடம் முதலிலேயே புகைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்தார்கள். 1998-ல் வெளிவந்த முடிவு தலைகீழ்: புகைப்பவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் சற்று மேல்.

2010-ல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 43 ஆய்வுகளை மறுபடி புரட்டினார்கள். அவற்றில் 11-ல் புகையிலை நிறுவனங்களோடு தொடர்புடையவர்கள் பங்கெடுத்திருந்தார்கள். அதையும் ஆய்வு முறையையும் கணக்கில் எடுத்ததும், 'பாதுகாப்பு' மறைந்து ஆபத்து தலைதூக்கியது.

உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஓய்வில் இருக்கும்போதும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும். ரத்தக்குழாய்களின் உள்சுவரும் புகையால் கெடுகிறது. மூளையின் ஆழத்துக்குப் போகும் குழாய்கள் நூல் போல மெல்லியவை. ஒன்று அடைத்தால் அருகில் மாற்று வழி கிடையாது, அந்த இடம் பட்டுப்போகும். கை கால் விளங்காமல் போகும் பக்கவாதமாக அது தெரிவதில்லை. ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். புள்ளிகள் சேரச் சேர யோசனை மந்தமாகும், கணக்கு தடுமாறும். அல்சைமர் ஏற்கனவே தொடங்கியிருந்தால், தாக்குப்பிடிக்க மிச்சமிருந்த பலமும் போய்விடும்.

இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது என்று தாத்தாக்கள் கேட்பார்கள். தென் கொரியாவில் 60 வயதைத் தாண்டிய 46,140 ஆண்களைக் கவனித்தார்கள். புகைப்பதை விட்டு நான்கு வருடத்துக்கு மேல் ஆனவர்களுக்கு, தொடர்ந்து புகைத்தவர்களைவிட டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) ஆபத்து 14 சதவீதம் குறைவாக இருந்தது. புகைத்தே பழகாதவர்களுக்கு 19.