பீட்டாச் சிதைவில் உதைத்த கணக்கு

அணுக்கருவுக்கு வெளியே தனியாக விடப்பட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடம்கூடத் தாங்காது. புரோட்டானாக மாறி, ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். இதுதான் பீட்டாச் சிதைவு. மின்னூட்டக் கணக்கு நேராகவே இருக்கிறது: முன்பு சுழி, பின்பு +1, −1. நிறையில் மட்டும் கொஞ்சம் மிஞ்சுகிறது. புரோட்டானையும் எலெக்ட்ரானையும் சேர்த்து நிறுத்தாலும் நியூட்ரான்தான் கனம். நிறையும் ஆற்றலின் ஒரு வடிவம்தான்; அந்த மிச்சம், ஆற்றல் அலகில் 0.78 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், இயக்க ஆற்றலாக வெளிவர வேண்டும்.

கணக்கு உதைத்தது இங்கேதான். அசையாமல் இருக்கும் ஒன்று இரண்டாக மட்டும் உடைந்தால், இரண்டும் சம உந்தத்தோடு எதிரெதிரே ஓடும். உந்தம் மாறாது, ஆற்றல் மாறாது என்ற இரண்டு விதிகளே பங்கைத் தீர்த்துவிடும்: இலேசான எலெக்ட்ரானுக்கு ஏறக்குறைய முழு ஆற்றலும், ஒவ்வொரு முறையும் அதே அளவில். 1914இல் ஜேம்ஸ் சாட்விக் கதிரியக்கத் தனிமங்களில் அளந்து பார்த்தால், சுழியிலிருந்து ஓர் உச்சவரம்பு வரை எல்லா ஆற்றலிலும் எலெக்ட்ரான்கள் வந்தன.

வரும் வழியில் எங்கேயாவது மோதி ஆற்றலைத் தொலைத்திருக்குமோ? அப்படியானால் அது வெப்பமாகவாவது தென்பட வேண்டும். 1927இல் எல்லிஸும் வூஸ்டரும் பிஸ்மத்-210ஐ ஈயத்துக்குள் அடைத்தார்கள். எந்த எலெக்ட்ரானும் தப்ப முடியாது. பிறகு ஈயம் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார்கள். உச்சவரம்பு 1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்; சிதைவு ஒன்றுக்குக் கிடைத்ததோ சுமார் 0.35தான். மூன்றில் இரண்டு பங்கைக் காணோம்.

நீல்ஸ் போர் விதியையே சந்தேகித்தார். ஆற்றல் சராசரியில் மட்டும் மாறாமல் இருக்கலாம், தனித்தனிச் சிதைவில் கூடலாம், குறையலாம் என்பது அவர் எண்ணம். துணிச்சலான யோசனைதான். ஆனால் என் பார்வையில் ஆற்றலைவிட வலுவான சாட்சி கோண உந்தம், அதாவது சுழற்சியின் அளவு; அதுவும் மாறக் கூடாது. ஒரு துகளோ அணுக்கருவோ தனக்குள்ளேயே வைத்திருக்கும் கோண உந்தம்தான் தற்சுழற்சி. கார்பன்-14இன் தற்சுழற்சி 0, அது சிதைந்து வரும் நைட்ரஜன்-14க்கு 1, எலெக்ட்ரானுக்கு ½. சுற்றியோடுவதால் வரும் கோண உந்தம் எப்போதும் முழு எண். 1, ½, ஏதோ ஒரு முழு எண்: எப்படிக் கூட்டினாலும், கழித்தாலும் ஓர் அரை நிற்கும், சுழி வராது. ஒவ்வொரு சிதைவிலும் அரை இடிக்கும்போது சராசரி என்ன செய்யும்?

வுல்ஃப்காங் பவுலி 1930 டிசம்பர் 4 அன்று எழுதிய கடிதத்தில் மூன்றாவது துகள் ஒன்றைச் சேர்த்தார். மின்னூட்டம் கிடையாது, தற்சுழற்சி ½, மிச்ச ஆற்றல் அதன் பங்கு. மூன்று பேர் பிரித்துக்கொள்ளும்போது எலெக்ட்ரானின் பங்கு ஒவ்வொரு முறையும் மாறத்தானே செய்யும். (கடிதம் போனது டியூபிங்கனில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்துக்கு; அவர் நேரில் போகவில்லை, சூரிச்சில் ஒரு நடன விருந்து இருந்ததாம்.) ஃபெர்மி அதை நியூட்ரினோ என்றார். பீட்டாச் சிதைவில் வருவது அதன் எதிர்த்துகளான எதிர்நியூட்ரினோ. எலெக்ட்ரான், நியூட்ரினோ வகைத் துகள்களை எண்ணும் லெப்டான் எண்ணும் மாறக் கூடாது: எலெக்ட்ரானின் லெப்டான் எண் +1, இதற்கு −1, கூட்டினால் பழையபடி சுழி. 1956இல் ரைன்ஸும் கோவனும் சவானா ரிவர் அணு உலையருகே அதைப் பிடித்தே காட்டினார்கள்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இன்னொரு விதி மேடைக்கு வந்தது: இயற்கை இடம் வலம் பார்க்காது என்ற சமநிலை விதி. பீட்டாச் சிதைவில் அது உடையலாம் என்ற பேச்சு எழுந்தபோது, உடையாது என்று பெரும் தொகையைப் பந்தயம் கட்டத் தயாராக இருந்தவர் அதே பவுலி. சியென்-ஷியுங் வூ கோபால்ட்-60ஐக் கடுங்குளிரில் வைத்து, அணுக்கருக்களின் சுழற்சியை ஒரே திசைக்குத் திருப்பிப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் அதற்கு எதிர்த்திசையிலேயே அதிகம் பாய்ந்தன; இடம் வலம் பார்க்காது என்ற விதி உடைந்தது.