பேரினம்: ஆவாரையும் கொன்றையும் பிரியும் இடம்

நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களை (ஆங்கிலத்தில் ஸ்பீசீஸ்) ஒரே பெயரின் கீழ்ச் சேர்க்கும் வகைப்பாட்டு அலகு பேரினம். ஆங்கிலத்தில் ஜீனஸ். படிவரிசையில் குடும்பத்துக்குக் கீழே, சிற்றினத்துக்கு மேலே இருக்கிறது. இத்தனை சிற்றினங்கள் இருந்தால்தான் பேரினம் என்ற கணக்கு கிடையாது. ஆவாரை சேர்ந்திருக்கும் சென்னா பேரினத்தில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உண்டு. பொதிகை மலைப் பாறைச் சரிவுகளில் வளரும் வரைக்கமுகின் பேரினமான பென்டிங்கியாவில் இரண்டே இரண்டு. மற்றொன்று நிக்கோபார் தீவுகளில் வளர்கிறது.

ஜீனஸ் என்பது இலத்தீன் சொல். பிறப்பு, குலம், வகை என்று பொருள். தமிழில் பெருமை + இனம் பேரினம் ஆயிற்று. சிறுமை + இனம் சிற்றினம். சிற்றினம் பழைய சொல்தான், பொருள்தான் வேறு. குறளின் 46ஆம் அதிகாரமான 'சிற்றினஞ்சேராமை'யில் அது கீழோர் கூட்டத்தைக் குறிக்கிறது. உயிரியலில் அந்த இழிவுப் பொருள் அறவே இல்லை. பெரிய தொகுப்புக்குள் அடங்கும் சிறிய தொகுப்பு, அவ்வளவுதான்.

இலங்கைப் பாடநூல்கள் ஜீனஸைச் 'சாதி' என்றும் ஸ்பீசீஸை 'இனம்' என்றும் எழுதுகின்றன. இரண்டு நாட்டு நூல்களையும் சேர்த்து வாசிப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பேரினம், சிற்றினம் என்ற இணையே நல்லது என்பேன்: ஒன்றுக்குள் ஒன்று அடங்குவது சொல்லிலேயே தெரிகிறது. வெறும் 'இனம்' என்று எழுதினால்தான் குழப்பம். மாட்டிலும் ஆட்டிலும் இனம் என்கிறோம். நெல்லிலும் சிலர் அப்படியே எழுதுகிறார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.எஸ்.டி. 16 ஒரு ரகம். அது அடங்கும் சிற்றினம் ஒரைசா சட்டைவா. அதற்கும் மேலே உள்ள ஒரைசாதான் பேரினம். ஆப்பிரிக்க நெல்லான ஒரைசா கிளாபெரிமாவும் அதற்குள் வரும்.

எந்தச் செடி எந்தப் பேரினம் என்பதைப் பூவும் காயுமே பெரும்பாலும் சொல்கின்றன. உயரம், பூவின் நிறம், மருந்துப் பயன் ஆகியவற்றை நம்பினால் ஏமாறுவோம். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் சாலையோரம் பூக்கும் ஆவாரையையும் வீட்டு வாசலில் நிற்கும் சரக்கொன்றையையும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் மஞ்சள், இரண்டிலும் ஐந்து இதழ், பத்து மகரந்தத்தாள். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் காசியா என்ற ஒரே பேரினத்தில்தான் வைத்தார்.

வாடாத பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கொன்றையில் மூன்று மகரந்தத்தாள்களின் கம்பி மட்டும் 3 முதல் 4 செ.மீ. நீண்டு வளைந்து இதழுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஆவாரையில் அந்த நீண்ட வளைவு இல்லை. கம்பிகள் குட்டையாக, நேராக இருக்கும். அடுத்து பூக்காம்பு. கொன்றையின் காம்படியில் இரண்டு சிறு செதில்கள் உண்டு, ஆவாரையில் கிடையாது. அவை சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்பதால் மொட்டில் பார்ப்பதே சரி. விரிந்த பூவில் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. காயில் ஐயத்துக்கே இடமில்லை. கொன்றைக்காய் உருளையாக ஓரடிக்கு மேல் நீண்டு, தானாக வெடிக்காது. உள்ளே தடுப்புகளும் கரிய சதையும் இருக்கும். ஆவாரையினுடையது தட்டையான, மெல்லிய காய்.

ஆங்கிலேயத் தாவரவியலாளர் மில்லர் 1754இலேயே சென்னாவைத் தனிப் பேரினமாக எழுதினார். மற்றோர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பெந்தம் 1871இல் மறுபடி காசியாவுக்குள் சேர்த்தார். தாவரவியலாளர்கள் இர்வினும் பார்ன்பியும் 1982இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே காசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்ற மூன்று பிரிவு நிலைபெற்றது. ஆவாரையின் பெயர் பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா என்றும் புதியவற்றில் சென்னா ஆரிகுலேட்டா என்றும் இருப்பது இதனால்தான். பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயர் கூடவே வரும். ஆரிகுலேட்டா என்றால் காதுடையது. இலைக்காம்படியில் காதுபோல் அகன்று நிற்கும் இலையடிச் செதிலைப் பார்த்து வைத்த பெயர்.

திருநெல்வேலிப் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன நிலாவாரைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 'டின்னவேலி சென்னா' என்ற வணிகப் பெயரில் மருந்துக்கு ஏற்றுமதியாகும் இந்த இலையைக் காசியா அங்குஸ்டிஃபோலியா என்றார்கள். இன்று பலர் அதையும் எகிப்திலிருந்து வந்த அலெக்சாண்ட்ரியச் சென்னாவையும் ஒரே சிற்றினமாகக் கொள்கிறார்கள். அதற்கு லின்னேயஸ் வைத்த பெயர் காசியா சென்னா. பேரினம் மாறும்போது அது 'சென்னா சென்னா' ஆக வேண்டும். தாவரப் பெயரிடல் விதி இரண்டு சொல்லும் ஒன்றாக வருவதை ஏற்காது. ஆகவே மில்லர் 1768இல் தந்த சென்னா அலெக்சாண்ட்ரினா என்ற பெயர் நின்றது. விலங்கியலில் இந்தத் தடை இல்லை: நல்ல பாம்பு நாஜா நாஜா, புள்ளிமான் ஆக்சிஸ் ஆக்சிஸ்.

ஒரே பேரினம் என்பதால் ஒரே மருந்து ஆகிவிடாது. பேதிக்கு உதவும் சென்னோசைடுக்காகவே நிலாவாரை இலையை வாங்குகிறார்கள். அதில் ஆவாரை இலையைக் கலப்பது வணிகத்தில் பழைய கலப்படம். ஆய்வுக்கூடத்தில் 80 சதவீதக் கந்தக அமிலம் விட்டால் ஆவாரைத் தூள் செக்கச் சிவக்கும்.

ஊர்ப்பெயர் சில இடங்களில் பேரினத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆவாரை, நிலாவாரை, பொன்னாவாரை மூன்றும் சென்னாதான். அடைமொழி முன்னே, பொதுப்பெயர் பின்னே. இலத்தீன் முறையில் பேரினம் முன்னே வரும். கொன்றையில் அந்தப் பொருத்தம் இல்லை: சரக்கொன்றை காசியா, மயில்கொன்றை சிசால்பினியா பேரினம். சீமையகத்திக்கும் அகத்திக்கும் பேரின உறவு இல்லை. சீமையகத்தி ஆவாரையோடு சென்னாவில் சேரும், அகத்தி செஸ்பேனியா.

தமிழ் எழுத்தில் எழுதும்போது முதல் தடவை பேரினத்தை முழுதாக எழுதுங்கள். 'சி. ஆரிகுலேட்டா' என்று தொடங்கினால் அந்த எழுத்து எந்தப் பேரினத்தைக் குறிக்கிறது என்று வாசிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.