ஜன்னல் திட்டின் கோணலை டைல் பசை சரிசெய்யாது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வீட்டுக்காரர்களிடமிருந்து வருகிற புகார்களில் இது ஒன்று மட்டும் மாறுவதே இல்லை: "ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறுது, பெயிண்ட் உப்பிக்கிட்டு வருது. டைல்ஸ் போட்டு ஒரு வருஷம்கூட ஆகலை." போய்ப் பார்த்தால் டைலில் குறை இருக்காது, பசையும் நல்ல தரமாகத்தான் இருக்கும். மூலை டைலைச் சுத்தியல் பிடியால் தட்டினால் 'டொக்கு டொக்கு' என்று பொள்ளல் சத்தம் கேட்கும். பட்டைக் கத்தியைக் கொடுத்து நெம்பினால் டைல் முழுசாகப் பெயர்ந்து வந்துவிடும். அடியில் நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று என்று ஐந்து பசை உருண்டைகள். அவற்றுக்கு நடுவே கறுத்துப் போன மழைத்தண்ணீர்.

ஜன்னல் சட்டத்துக்கு அடியில் இருக்கும் சுவரின் மேல்பரப்பான திட்டை மட்டம் செய்யாமலேயே டைல் ஒட்டியதன் விளைவு இது. கேட்டால், "ஒட்டும்போதே பசையைக் கூட்டிக் குறைச்சு மட்டம் பிடிச்சுக்கலாம் சார்" என்ற பதில்தான் எல்லா இடத்திலும் வருகிறது. இந்த ஒரு எண்ணத்தை முதலில் விட்டொழியுங்கள்.

டைல் பசை 3 முதல் 6 மி.மீ. கனத்துக்காகத் தயாரிக்கப்படுவது. பள்ளத்தை நிரப்ப அதையே 15, 20 மி.மீ. அப்பினால் மேல்பக்கம் இறுகிவிடும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பிறகு அது காயக் காயச் சுருங்கி, டைலைக் கீழே இழுக்கும். மாலையில் ரசமட்டம் (குமிழி வைத்த மட்டக் கருவி) வைத்துப் பார்த்தபோது சரியாக இருந்த டைல், சில நாள் கழித்து ஒரு மூலையில் இறங்கி நிற்பது இதனால்தான். உருண்டை வைத்து ஒட்டினால் இன்னும் மோசம். டைலின் அடிப்பரப்பில் பாதிக்கு மேல் வெற்றிடம். திரைச்சீலை மாட்ட யாராவது திட்டில் ஏறி நின்றால், அடியில் பிடிமானம் இல்லாத இடத்தில் டைல் விரியும். டைல் இணைப்புகளில் போடும் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. அதன் வழியே இறங்கிய தண்ணீர் அந்தப் பொந்தில் தேங்கி, வேறு போக்கிடம் இல்லாமல் சுவருக்குள் இறங்கும்.

பசை வேண்டாம், சிமெண்ட் கலவையிலேயே ஏற்றி இறக்கி ஒட்டிவிடுகிறேன் என்பவர்களும் உண்டு. ஒரு முனையில் 5 மி.மீ., மறுமுனையில் 30 மி.மீ. என்று கலவை போட்டால் அது சீராகச் சுருங்காது. தவிர, விட்ரிஃபைடு டைல் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் குறைவு. வெறும் சிமெண்ட் பாலில் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அது பிடிக்கவே பிடிக்காது. மட்டம் செய்வது ஒரு வேலை, டைல் ஒட்டுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் இடைவெளி வேண்டும்.

முதலில் அளவு பாருங்கள். நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை என மூன்று விதமாக ரசமட்டம் வையுங்கள். மிக உயரமான மேடு எது என்று குறித்துக்கொண்டு, அந்த மட்டத்திலிருந்து மற்ற இடங்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். ஒரே ஒரு மேடுதான் துருத்திக்கொண்டிருக்கிறது என்றால் அதைக் கொத்தி எடுங்கள். அந்த ஒரு மேட்டுக்காகத் திட்டு முழுவதையும் தூக்காதீர்கள்.

ஏன் தூக்கக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, பெரும்பாலான சைட்டுகளில் இதைப் பார்ப்பதே இல்லை. அலுமினியம், யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல்களின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கும். ஜன்னல் கதவு ஓடும் தண்டவாளத்தில் சேரும் மழைத்தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறும். டைல் 8 முதல் 10 மி.மீ., பசை 3 முதல் 5 மி.மீ., ஆகமொத்தம் சுமார் 15 மி.மீ. உயரம் கூடும். துளையின் கீழ்விளிம்பிலிருந்து இந்த 15 மி.மீ.யைக் கழித்து, அதற்கும் கொஞ்சம் கீழேதான் வெளிப்பக்க மட்டம் முடிய வேண்டும். துளையை டைலோ சிலிக்கானோ மூடிவிட்டால் தண்ணீர் தண்டவாளத்தில் நிரம்பி வீட்டுக்குள் வழியும். தயவுசெய்து இதை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

மட்டம் என்றதும் வெளிப்பக்கத்தையும் ரசமட்டக் குமிழிக்கு நேராக முடித்துவிடுகிறார்கள். அது தவறு. அறைப்பக்கம்தான் மட்டம். வெளிப்பக்கத்துக்கு வாட்டம் வேண்டும். 4, 5 அங்குல அகலத்துக்கு 8 முதல் 10 மி.மீ. சரிவு. இந்த வாட்டத்தைக் கலவையிலேயே கொடுத்துவிட வேண்டும், டைல் ஒட்டும்போது கொடுக்க முடியாது.

அடுத்தது பழைய பரப்பு. பெயிண்ட், வால்புட்டி, ஜிப்சம் எது இருந்தாலும் சுரண்டி எடுத்தாக வேண்டும். புட்டி மேல் ஒட்டிய டைல் புட்டியோடு சேர்ந்து கழன்று வரும். தட்டிப் பார்த்துப் பொள்ளல் சத்தம் வரும் பூச்சையும் உடைத்து எடுங்கள். மிச்சப் பரப்பில் உளியால் நெருக்கமாகக் கொத்தி விடுங்கள். தூசியைத் துடைத்தெடுத்து நன்றாக நனைத்து, மேலே தண்ணீர் நிற்காத பதத்தில், சிமெண்டோடு எஸ்பிஆர் லேடெக்ஸ் (பிடிப்பைக் கூட்டும் திரவம்) கலந்த பாலை பிரஷ்ஷால் தேயுங்கள். பால் ஈரமாக இருக்கும்போதே கலவை விழ வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே கலவையைப் பிடிக்கவிடாமல் பிரிக்கும்.

பள்ளம் 3 மி.மீ.க்குள் என்றால் பசையே தாங்கிக்கொள்ளும். 10 மி.மீ. வரை பாலிமர் கலந்த ரெடிமேட் ரிப்பேர் கலவை போடுங்கள். சாதாரண மணல் கலவை அவ்வளவு மெல்லிசாகப் போட்டால் செதில் செதிலாகப் பெயரும். 10 முதல் 25 மி.மீ.க்கு 1:3 சிமெண்ட், சலித்த மணல். அதற்கும் மேல் என்றால் இரண்டு தடவையாகப் போடுங்கள், முதல் பூச்சைச் சொரசொரப்பாகக் கீறி விட்டு மறுநாள் அடுத்தது. 4 அடி நீளம், 9 அங்குல அகலம், சராசரி 15 மி.மீ. கனத்துக்குச் சுமார் 2 கிலோ சிமெண்டும் 4 லிட்டர் மணலும் போதும். இவ்வளவு சின்னச் செலவுக்குத்தான் இத்தனை கஞ்சத்தனம்!

முன்விளிம்பில் ஒரு நேரான ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) மட்டம் பார்த்து அடித்துக்கொண்டு, மட்டக்கட்டையை அதன்மேல் இழுத்து வந்தால் பரப்பு தானே அமையும். கலவை பிசைந்த அரை மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். இறுகியதைத் தண்ணீர் விட்டு மறுபடி பிசையாதீர்கள். ஈரத்தை இழுக்க மேலே உலர்ந்த சிமெண்ட் தூளைத் தூவுவதும் கூடாது. மணியாஸ்கட்டையால் (பூச்சைத் தேய்க்கும் மரக்கட்டை) தேய்ப்பதோடு நிறுத்துங்கள், அதன்மேல் சிமெண்ட் பாலால் நீர்ப்பூச்சு போட்டு வழவழப்பாக்கினால் பசைக்குப் பிடிப்பு இருக்காது. ஈரச்சாக்கு போட்டு 7 நாள் தண்ணீர் காட்டுங்கள். ஜன்னல் வழியாக வெயிலும் காற்றும் நேராகப் படுகிற இடம் இது, மற்ற பூச்சைவிடச் சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

அதன் பிறகு டைல் ஒட்டுவது சுலபம். பல் கரணையால் (விளிம்பில் பற்கள் வெட்டிய கரணை) பசையை இழுத்து, டைலின் பின்பக்கமும் மெல்லிசாகத் தடவி, வெற்றிடம் இல்லாமல் அழுத்துங்கள். முதல் டைலை ஒட்டியதும் ஒருமுறை பெயர்த்துப் பாருங்கள், பின்பக்கம் முழுக்கப் பசை பட்டிருக்க வேண்டும். சட்டத்துக்கும் டைலுக்கும் நடுவே 3 மி.மீ. விட்டு சீலண்ட் போடுங்கள், வெள்ளை சிமெண்ட் அங்கே விரிசல் விடும். டைலை வெளியே ஒரு அங்குலமாவது நீட்டி, நீட்டத்தின் அடியில் நீர்வெட்டுக் கோடு (தண்ணீர் சுவருக்கு ஓடாமல் அங்கேயே சொட்டவைக்கும் பள்ளக் கோடு) போட மறக்காதீர்கள்.

வீட்டுக்காரர்களுக்கு: ஜன்னல் திட்டு டைலுக்கு ரன்னிங் அடிக் கணக்கில் (நீளத்தை மட்டும் அளந்து) கூலி பேசும்போது அதில் மட்டம் செய்யும் வேலை சேர்ந்திருப்பதில்லை. அதைத் தனியாகப் பேசி, டைல் மேஸ்திரி வருவதற்கு ஒரு வாரம் முன்பே கொத்தனாரை வைத்து முடித்துவிடுங்கள். முடிந்த திட்டில் நீங்களே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் டைல் பெட்டியைப் பிரிக்கவிடாதீர்கள்.