தாமரை நிறக் கல்லுக்குள் என்ன நடக்கிறது?

“நீலக்கல் வகைன்னு சொல்லிட்டு ஆரஞ்சுக் கல்லைக் காட்டுறீங்களே?” என்று கேட்டார் அத்தை. பெங்களூரு சிவாஜிநகர், ஜுவல்லர்ஸ் தெருவில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் பதில் சொல்லாமல், கல்லை வெள்ளைக் காகிதப் பொட்டலத்தோடு வாசலுக்கு எடுத்து வந்தார். மஞ்சள் விளக்கில் ஆரஞ்சாக இருந்த கல், பகல் வெளிச்சத்தில் ரோஸ் ஏறித் தெரிந்தது. “பத்பராட்சாம்மா” என்றார்.

பத்மராகம் என்ற சொல்தான் சிங்களம் வழியாக இப்படி மாறியது. நம் பக்கம் பதுமராகம் என்றால் மாணிக்கம். இலங்கையில் அது தாமரை நிறமுள்ள இந்தக் கல். மாணிக்கம், நீலம், மஞ்சள் புஷ்பராகம், பத்பராட்சா எல்லாமே குருந்தம் என்ற ஒரே கனிமம். ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அதுவே நம் குருந்தத்திலிருந்து போன சொல்தான்.

சுத்தமான குருந்தத்தில் அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டும்தான்; அதற்கு நிறமே கிடையாது. அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் துளியூண்டு குரோமியம் புகுந்தால், அது பச்சை ஒளியை விழுங்கிக் கல்லை ரோஸாக்கும். கூடுதலாகப் புகுந்தால் மாணிக்கம்.

ஆரஞ்சு வரும் வழி இன்னும் நுட்பமானது. அலுமினியத்தின் இடத்தில் மெக்னீசியம் உட்கார்ந்தால் மின்னூட்டக் கணக்கில் ஒன்று குறையும். அதை ஈடுகட்டப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரான் இல்லாமல் போய், ஒரு ‘துளை’ விழும். அந்தத் துளை நீல ஒளியை விழுங்குவதால் மஞ்சளும் ஆரஞ்சும் தெரிகின்றன. ஆனால் டைட்டானியம் அதிகமாக இருந்தால் அதுவே கணக்கைச் சரிசெய்துவிடும், துளை விழாது. குரோமியம் கொஞ்சம், மெக்னீசியம் டைட்டானியத்தைவிட ஒரு பிடி அதிகம். இந்தப் பக்குவம் பூமிக்கடியில் தற்செயலாக அமைய வேண்டும். இந்தக் கல் அரிதாக இருப்பதற்கும் விலை ஏறுவதற்கும் அதுதான் காரணம்.

இந்த வேலையை மனிதனும் செய்துவிட்டான். 2001 வாக்கில் தாய்லாந்திலிருந்து ஆரஞ்சுக் கற்கள் குவிந்தன. சாதாரண ரோஸ் கல்லை பெரிலியத்தோடு சேர்த்துக் கடும் வெப்பத்தில் வேகவைத்திருந்தார்கள். பெரிலியம் மிகச் சிறிய அணு, கல்லுக்குள் ஊறி அதே துளையை உண்டாக்கிவிடும். பத்து லட்சத்தில் சில பங்கு போதும். கண்ணாலோ லென்ஸாலோ எல்லாக் கல்லிலும் இதைக் கண்டுபிடித்துவிட முடியாது. லேசரால் ஒரு புள்ளியைச் சுரண்டி, அணுக்களை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், எனக்கு இதுதான் பெரிய வியப்பு: இயற்கைக் கல்லிலேயே ஆரஞ்சு நிலைக்காமல் போகலாம். 2016-க்குப் பிறகு மடகாஸ்கரிலிருந்து வந்த சில கற்கள், வெளிச்சத்தில் வைத்ததும் ஆரஞ்சு கரைந்து வெறும் ரோஸாகின. புற ஊதாக் கதிர் பட்டால் ஆரஞ்சு திரும்பும், அப்புறம் மறுபடியும் போகும். குரோமியம் தரும் ரோஸ் மட்டும் அசையாது. அதனால் நல்ல ஆய்வகங்கள் பலத்த வெளிச்சத்தில் வைத்து, நிறம் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பத்பராட்சா என்று எழுதித் தருகின்றன.

அத்தைக்குக் கல் பிடித்துவிட்டது. பெரிலியச் சோதனை, நிறச் சோதனை இரண்டும் உள்ள ரிப்போர்ட் வந்தால் முன்பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று இன்னொரு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.