ஸ்கிப்பர் எங்கே தூங்குவார்?

குரோஷியாவின் ட்ரோகிர் மரீனாவில் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை மாலை. (மரீனா என்றதும் சுண்டலும் மணலும் நினைவுக்கு வர வேண்டாம், இங்கே அது படகுகளைக் கட்டி நிறுத்தும் துறை.) நான்கு அறை கொண்ட பாய்மரப் படகு, எட்டுப் பேர் கொண்ட குடும்பம், எட்டுப் பெரிய பெட்டிகள். அறைகளைப் பங்குபோட்டு முடித்த நேரத்தில் தோளில் துணிப்பையோடு ஒருவர் ஏறி வந்து, "என் அறை எது?" என்று கேட்டார். படகை ஓட்ட வந்த ஸ்கிப்பர்.

அந்த முன்பதிவைச் செய்துகொடுத்தவன் நான். தொழிலுக்குப் புதிது. விளம்பரத்தில் "படுக்கை 8+2" என்று இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த இரண்டு என்பது, சாப்பாட்டு மேசையைத் தாழ்த்தி மேலே மெத்தையைப் போட்டால் கிடைக்கும் இடம். சமையலடுப்புக்கு மூன்றடி தூரத்தில், ஒரு வாரம் முழுவதும் அந்த மனிதர் அங்கேதான் படுத்தார். விடியற்காலையில் காபி போட எழுந்த பாட்டி, அவர் கண் விழிக்கட்டும் என்று மேல்தளத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம்.

இப்போதெல்லாம் படகு வேண்டும் என்று யார் கேட்டாலும் படத்தைக் காட்டுவதற்கு முன் தலைகளை எண்ணுகிறேன். படகின் பதிவுச் சான்றில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும். ஸ்கிப்பரும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். நான்கு அறை என்றால் விருந்தினர் ஆறு பேர் என்பது என் கணக்கு. சில படகுகளில் ஸ்கிப்பருக்கென்று முகப்புத் தளத்து மூடியைத் திறந்து இறங்குகிற குறுகிய அறை ஒன்று உண்டு. ஆகஸ்ட் வெயிலில் அதில் ஒருவரைத் தூங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் படகில் இடம் தாராளம். நம் கட்டுமரத்திலிருந்து போன சொல் என்று பெருமைப்படுவார்கள், வாடகையைச் சொன்னதும் அமைதியாகிவிடுவார்கள்.

ஸ்கிப்பர் இல்லாமலே ஓட்டலாமே என்று சிலர் கேட்பதுண்டு. குரோஷியா ஏற்றுக்கொள்ளும் படகோட்டி உரிமமும் படகின் விஎச்எஃப் வானொலியில் பேசுவதற்கான சான்றும் இருந்தால் ஓட்டலாம். இல்லையென்றால் நாளொன்றுக்கு 200 யூரோ அளவில் ஸ்கிப்பர் கூலி. அவருடைய சாப்பாடும் உங்கள் பொறுப்பு.

விளம்பரத்தில் காணும் வார வாடகையில் இந்தக் கூலி இருக்காது. டீசல், இரவு நிறுத்தக் கட்டணம், கடைசி நாள் துப்புரவுக் கட்டணம் எதுவும் இருக்காது. இவை போகப் பிணைத்தொகை ஒன்று உண்டு. நடுத்தரப் பாய்மரப் படகுக்கே 2,000 யூரோவுக்குக் குறையாது. அதைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். இந்திய வங்கி அட்டை என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பையும் ஊரிலேயே உயர்த்திவிட்டு வாருங்கள். மாலை வெயிலில் படித்துறையில் நின்றுகொண்டு வங்கிக்குத் தொலைபேசியில் மன்றாடுவது பரிதாபமான காட்சி.

படகை ஒப்படைக்கும்போது ஒரு பட்டியலை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். களைப்பில் போட்டுவிடாதீர்கள். பக்கவாட்டுக் கீறல், பாயின் கிழிசல், கரைக்குப் போய்வரக் கூடவே தரும் காற்றடைத்த சிறு படகின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் படமெடுங்கள். அந்தச் சிறு படகின் மோட்டாரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிணைத்தொகைத் தகராறு என்று என்னிடம் வருபவற்றில் பாதி அந்தச் சிறு படகைப் பற்றியதுதான்.

ஒரு வாரம் என்பதும் ஒரு வாரம் அல்ல. சனிக்கிழமை மாலை ஐந்து மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும். வெள்ளிக்கிழமை மாலையே துறைக்குத் திரும்பி, மறுநாள் காலை ஒன்பதுக்குள் இறங்கிவிட வேண்டும். டீசலை நிரப்பித்தான் திருப்பித் தர வேண்டும் என்பதால் வெள்ளி பிற்பகல் எரிபொருள் நிலையத்தின் முன் படகுகள் வரிசைகட்டி மிதக்கும். ஆகவே வீஸ் தீவு, அதற்கப்பால் பிஷெவோவின் நீலக்குகை, ஹ்வார், பிராச் என்று எல்லாவற்றையும் ஐந்து நாளில் திணிக்காதீர்கள். வீஸுக்கு மட்டுமே பாயில் ஐந்து மணி நேரம் பிடிக்கும். கடல் கொந்தளித்தால் நீலக்குகையை மூடிவிடுவார்கள்.

கோடையில் இந்த அட்ரியாட்டிக் கடலின் வழக்கமான காற்று மாயிஸ்ட்ரல். வடமேற்கிலிருந்து முற்பகலில் எழுந்து மாலையில் அடங்கிவிடும் சாதுவான காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் ஜூகோ மேகத்தோடும் அலையோடும் மெல்ல வலுக்கும், முன்கூட்டியே தெரிந்துவிடும். பூரா என்ற காற்று அப்படியல்ல. வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென்று சரிந்து விழும், வானம் தெளிவாக இருக்கும்போதே.

அந்தக் குடும்பம் நான்காம் இரவு ஷோல்ட்டா தீவின் வடகரையில், ஒரு விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்தது. பிள்ளைகள் மேசையில் சீட்டாடி முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. அது வரை ஸ்கிப்பர் படுக்க இடமில்லாமல் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணிக்குப் பூரா இறங்கியது. நங்கூரம் பிடிமானம் விட்டு, படகு கரையை நோக்கி நகர்ந்தது. ஒரு மணி நேரம்கூடத் தூங்காத அந்த மனிதர் எழுந்து என்ஜினை முடுக்கி, இருட்டில் தனியாக நங்கூரத்தைத் தூக்கி, விடியும் வரை சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. சனிக்கிழமை காலை பிணைத்தொகை முழுதாகத் திரும்பி வந்தது. குடும்பத்தார் என்னிடம் கடற்காட்சிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். பக்கத்துப் பெஞ்சில் ஸ்கிப்பர் துணிப்பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாலை ஐந்துக்கு அவருக்கு அடுத்த படகு.