வெயிட் மெஷின் சொல்லும் கொழுப்புக் கணக்கு

கொழுப்புச் சதவீதம் காட்டும் வெயிட் மெஷின் அளப்பவை இரண்டுதான்: எடை, உடலின் மின்தடை. திரையில் வரும் மற்றதெல்லாம் கணக்கு.

எடையை அளப்பவை நான்கு மூலைகளிலும் உள்ள லோட் செல்கள். ஏறி நின்றதும் உள்ளிருக்கும் உலோகத் துண்டு இம்மியளவு வளையும். அதில் ஒட்டிய, வளைவை உணரும் ஸ்ட்ரெயின் கேஜின் மின்தடை மாறும். டைல்ஸ் இடுக்கில் மெஷினின் ஒரு கால் தொங்கினாலும், அடியில் பாய் கிடந்தாலும் எண் தடுமாறும்.

சோதித்துப் பார்க்கச் சென்னை வீடுகளில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும். கேனை மட்டும் வைத்து எடையைக் குறியுங்கள். பிறகு நீங்கள் தனியாக ஏறுங்கள். அடுத்து கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். கடைசி இரண்டு எண்களின் வித்தியாசம் கேன் எடையோடு 200 கிராமுக்குள் ஒத்துப்போனால் நல்ல மெஷின். (கேனை முழுசாக நிரப்பித் தந்தார்களா என்பது வேறு வழக்கு.) முதுகுவலிக்காரர்களுக்கு 5 கிலோ அரிசிப் பை. இன்னொன்று: சில மெஷின்கள் புதிய எடை பழையதற்கு மிக அருகில் இருந்தால் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். நீங்கள் அடுத்தடுத்து மூன்று முறை ஏறியும் ஒரே எண் வந்தால், நடுவில் கேனை ஒருமுறை வைத்தெடுத்துவிட்டு ஏறிப் பாருங்கள்.

கொழுப்புக் கணக்குக்கு, உலோகத் தகடு வழியாக ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம், பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸில், ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்குகிறது. நீரும் உப்பும் நிறைந்த தசை அதை எளிதில் விடும், கொழுப்பு தடுக்கும். தடையோடு உயரம், வயது, பாலினம் சேர்த்து உடல்நீரை மெஷின் மதிப்பிடுகிறது. கொழுப்பில்லாத உடலில் சுமார் 73% நீர் என்பதால், அங்கிருந்து கொழுப்பின் அளவு வருகிறது.

மின்னோட்டம் பெரும்பாலும் கால்களோடு திரும்பிவிடுவதால் தொப்பை அதன் கணக்கில் சரியாக விழாது. கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகுக்கு இந்த எண் ஏமாற்றும். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. தாண்டிய ஆணும் 80 தாண்டிய பெண்ணும் இன்ச் டேப்பைத்தான் நம்ப வேண்டும்.

மெரினாவில் நடந்துவிட்டு வந்த சூட்டோடு ஏறாதீர்கள். அப்போது குறைந்திருக்கும் எடை வியர்வைதான். உடலில் நீர் குறைந்தால் தடை கூடும், சூடேறிய தோல் அதைக் குறைக்கும். எண் எந்தப் பக்கமும் சாயலாம். வெடித்த, காய்ந்த குதிகாலும் தடையைக் கூட்டும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு நில்லுங்கள்.

காலையில் கழிவறை போய்வந்ததும், காபிக்கு முன் ஏறுவதே நல்லது. தினமும் குறித்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி, அது ஒரே ராத்திரியில் சேராது; ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டு மறுநாள் ஏறிய ஒரு கிலோ, உப்பு பிடித்துவைத்த தண்ணீர்தான். கொழுப்புச் சதவீதத்தை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மின்னோட்டம் செலுத்தும் மெஷினில் ஏறவே கூடாது. அவர்களுக்குச் சாதாரண வெயிட் மெஷின்தான்.